கவசத்தில் பிழை இல்லை

பண்டைய ரோமானிய நகரமான பாம்பேயின் தென்கிழக்கில் நூசேரியா வாசல் இருக்கிறது. வாசலைக் கடந்து போகும் சாலையின் இருபுறமும் கல்லறைகள். ரோமானியர்கள் இறந்தவர்களை ஊர் எல்லைக்கு வெளியேதான் அடக்கம் செய்தார்கள். ஆனால் ஒதுக்குப்புறத்தில் இல்லை. வண்டியும் ஆளும் ஓயாமல் போய்வரும் சாலையோரத்தில். அந்தக் கல்லறைகளில் ஒன்றின் சுண்ணாம்புப் பூச்சில், யாரோ வழிப்போக்கர் ஒருவர் கூரான எதையோ கொண்டு கிளாடியேட்டர்களை, அதாவது அரங்கில் மோதும் சண்டைக்காரர்களை, கீறி வைத்தார். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்து ஊரையும் சாலையையும் மூடியது. கீறல்களும் உள்ளே போயின. 1950-களில் அந்தப் பகுதியைத் தோண்டியபோது அவை மறுபடி வெயிலைக் கண்டன.

வரைந்தவருக்கு ஓவியம் வராது. அளவுகள் கூடி வரவில்லை, கைகால்கள் விறைத்து நிற்கின்றன. ஆனாலும் இந்தக் கீறல்களை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காரணம், ஆட்களை வரையத் தெரியாத அந்தக் கை, அவர்கள் அணிந்திருந்ததை வரையும்போது தடுமாறவில்லை.

முதலில் படத்தோடு இருக்கும் எழுத்தைப் படிப்போம். மார்க்கஸ் அட்டிலியஸ் என்று ஒரு பெயர். பக்கத்தில் லத்தீன் எழுத்துகள் இரண்டு: ‘டி’, ‘வி’. முதலாவது ‘டீரோ’ என்பதன் சுருக்கம். அதாவது கத்துக்குட்டி, இதற்கு முன் களம் காணாதவன். இரண்டாவது ‘வென்றான்’. எதிராளியின் பெயர் ஹிலாரஸ். கபுவா நகரில் நீரோ மன்னனின் பெயரால் நடந்த பயிற்சிக்கூடத்து ஆள். 14 சண்டை கண்டவர், அவற்றில் பெரும்பாலானவை வெற்றி. அவர் பெயருக்குப் பின்னால் ‘எம்’ என்ற எழுத்து நிற்கிறது. ‘விடுவிக்கப்பட்டான்’ என்பது அதன் பொருள்: தோற்றான், ஆனால் உயிரோடு அனுப்பப்பட்டான்.

அருகிலேயே இன்னொரு படம். அதே அட்டிலியஸ், இப்போது அவர் பெயருக்கு எதிரே ஒரு சண்டை, ஒரு வெற்றி என்று கணக்கு ஏறியிருக்கிறது. இந்த முறை எதிரில் லூசியஸ் ரெசியஸ் ஃபெலிக்ஸ். 12 சண்டை, 12 வெற்றிமாலை. தோல்வியே அறியாத அந்த மனிதர் இங்கே மண்டியிட்டிருக்கிறார். அவருடைய தலைக்கவசம் கழன்று தரையில் கிடக்கிறது. அவர் பெயரின் பின்னும் ‘எம்’.

அந்தத் தலைக்கவசத்தைத் தரையில் வரைந்ததைக் கவனியுங்கள். தோற்றவன் மண்டியிட்டான் என்று காட்ட மண்டியிட்ட உருவமே போதும். வரைந்தவருக்கு அது போதவில்லை. கவசம் எங்கே விழுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அன்று கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த கணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இருவருக்கும் குடும்பப் பெயர் இருப்பது இன்னொரு செய்தி. அடிமைகளுக்கு ஒற்றைப் பெயர்தான். மார்க்கஸ் அட்டிலியஸ், லூசியஸ் ரெசியஸ் ஃபெலிக்ஸ் என்று முழுப்பெயரோடு களத்தில் நிற்பவர்கள் சுதந்திர மனிதர்கள். அட்டிலியஸ் தானாக விரும்பிக் கையெழுத்திட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவராக இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கிளாடியேட்டர் என்றால் சங்கிலியில் இழுத்து வரப்பட்ட கைதி என்ற சித்திரத்தை இந்த ஒரு பெயர் கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறது.

சண்டையின் முடிவைக் குறிக்க மூன்றாவதாக ஓர் எழுத்தும் உண்டு. வேறொரு சுவரில் ஹெரேனியஸ் என்ற விடுதலை பெற்ற அடிமையின் பெயர் இருக்கிறது. 18 வெற்றிகள். அவரை வீழ்த்திய பிரிஸ்கஸுக்கு அதுவரை ஆறுதான். ஹெரேனியஸின் பெயருக்குப் பின்னால் ‘பி’ என்று இருக்கிறது. ‘மாண்டான்’ என்பதன் முதலெழுத்து. ஒரு மனிதனின் சாவை ஒரே எழுத்தில் குறித்துவிட்டு, எழுதியவர் தன் வழியே நடந்திருக்கிறார்.

இவ்வகைக் கீறல்களுக்கும் பாம்பேய் சுவர்களில் தூரிகையால் எழுதப்பட்ட விளம்பரங்களுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். சண்டைக்கு முன் வருவது விளம்பரம். டெசிமஸ் லுக்ரெசியஸ் சாத்ரியஸ் வாலென்ஸ் என்ற பிரமுகர் 20 ஜோடி கிளாடியேட்டர்களையும் அவர் மகன் 10 ஜோடியையும் களமிறக்குகிறார்கள், விலங்கு வேட்டையும் உண்டு, வெயிலுக்குப் பந்தல் துணி கட்டப்படும் என்று பெரிய எழுத்தில் அறிவிக்கும் அது. எழுதியவர்கள் தொழில்முறை எழுத்தர்கள். அவர்களில் ஒருவரான எமிலியஸ் கெலர், நிலா வெளிச்சத்தில் தன்னந்தனியாக இதை எழுதினேன் என்று ஓரத்தில் குறிப்பும் விட்டிருக்கிறார். கீறல் அப்படி இல்லை. சண்டை முடிந்த பிறகு, பணம் வாங்காமல், யாரும் கேட்காமல் கீறப்பட்டது அது. விளம்பரம் என்ன நடக்கப்போகிறது என்று வாக்குறுதி தருகிறது. நடந்தது என்ன என்பதற்குக் கீறல்தான் சாட்சி.

எதைக் கொண்டு கீறினார்கள்? பெரும்பாலும் எழுத்தாணி. மெழுகு பூசிய பலகையில் கணக்கும் கடிதமும் எழுத ரோமானியர்கள் இரும்பு, வெண்கல, எலும்பு எழுத்தாணிகளைக் கையோடு வைத்திருந்தார்கள். ஓலையில் எழுதிய பரம்பரைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆணி வேறு, பரப்பு வேறு. அழுத்தும் விரல்களின் வேலை ஒன்றுதான். பானை ஓடுகளில் கிடைக்கும் கோடுகளுக்கும் நம் தொல்லியலாளர்கள் ‘கீறல்’ என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். பாம்பேய்ச் சுவர்களின் மேல்பூச்சு மென்மையான சுண்ணாம்புச் சாந்து. பல இடங்களில் சிவப்பும் மஞ்சளும் தீட்டி வழவழப்பாக்கப்பட்டது. அதில் ஆணி ஓடினால் நிறம் விலகி அடியிலிருக்கும் வெண்மை தெரியும். கீறிய அன்று அந்தக் கோடு பளிச்சென்று இருந்திருக்கும். இன்று அது முடியைவிட மெல்லிய பள்ளம். உச்சி வெயிலில் நேராகப் பார்த்தால் வெறும் சுவர்தான். விளக்கைப் பக்கவாட்டில், சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தின் ஒரு விளிம்பில் நிழல் விழுகிறது. அப்போது கேடயம் எழுகிறது, தலைக்கவசம் எழுகிறது, கடைசியில் ஆள் எழுகிறான்.

இந்த எளிய தந்திரத்தைத்தான் இன்றைய கருவிகள் பெரிதாக்கியிருக்கின்றன. கேமராவை அசையாமல் நிறுத்திவிட்டு, விளக்கை மட்டும் ஒவ்வொரு திசைக்கும் நகர்த்திப் பல படங்கள் எடுக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் எந்தத் திசை ஒளியில் மின்னுகிறது, எதில் மங்குகிறது என்று கணினி கணக்கிடுகிறது. அதிலிருந்து அந்தப் புள்ளி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு திரையில் எந்தத் திசையிலிருந்தும் ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கலாம். பாம்பேயின் நாடக அரங்குகளுக்குப் போகும் நடைவழியொன்று 1794-லேயே தோண்டப்பட்டது. இரண்டு நூற்றாண்டுகளாக அறிஞர்கள் அதன் சுவரைப் படித்து வந்தார்கள். அண்மையில் பிரெஞ்சு, கனடிய ஆய்வாளர்கள் இந்த முறையில் படமெடுத்தபோது, யார் கண்ணிலும் அதுவரை படாத 79 கீறல்கள் வெளிப்பட்டன. அவற்றில் ஒரு கிளாடியேட்டர் சண்டையும் உண்டு.

இனி கவசத்துக்கு வருவோம்.

கிளாடியேட்டர் என்பது ஒற்றை வகை ஆள் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு வகைக்குரிய படைக்கலத்தில் பயின்றவர்கள். அந்த வகைகளைத் தெரிந்துகொண்டால் கீறல்கள் பேசத் தொடங்கும். மர்மில்லோ என்பவரிடம் ரோமப் படைவீரனுடையதைப் போன்ற பெரிய, வளைந்த, நீள்சதுரக் கேடயம் இருக்கும். கையில் குட்டை வாள். அகன்ற விளிம்பும் மேலே உயர்ந்த கொண்டையும் உள்ள தலைக்கவசம். திரேக்ஸ் என்பவரிடம் சிறிய சதுரக் கேடயம், வளைந்த கத்தி, கழுகுமுகச் சிங்கமான கிரிஃபின் தலை வைத்த கவசம். ஹோப்லோமாக்கஸ் வட்டக் கேடயமும் ஈட்டியும் உடையவர். வலைவீரரான ரெட்டியாரியஸுக்குக் கேடயமே கிடையாது, தலைக்கவசமும் கிடையாது. வலை, முச்சூலம், குறுவாள், இடது தோளில் மேல்நோக்கி நிற்கும் ஒரு உலோகத் தகடு. அவரைத் துரத்தவே உருவானவர் செகூட்டர். அவருடைய கவசம் முட்டை போல வழவழப்பானது. உயர்ந்த கொண்டையோ அகன்ற விளிம்போ இல்லை, வலை மாட்டிக்கொள்ளக் கூடாதே. கண்ணுக்கு இரண்டு சிறு துளைகள் மட்டும். சூலத்தின் முனை நுழையக் கூடாது.

இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. மர்மில்லோவின் பெரிய கேடயம் முகவாயிலிருந்து கீழ்க்கால் வரை மறைத்துவிடும். ஆகவே முன்னால் வைக்கும் இடது காலுக்கு மட்டும் குட்டையான கால் கவசம் போதும். திரேக்ஸின் கேடயம் சிறியது. கேடயத்தின் கீழ்விளிம்புக்கும் முழங்காலுக்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி திறந்து கிடக்கும். அதை அடைக்க இரண்டு கால்களிலும் தொடை வரை உயர்ந்த கவசம். கேடயம் சுருங்கினால் கால் கவசம் நீளும். கேடயம் ஏந்தும் எந்த வகையிலும் உடலின் முன்பக்கத்தில் ஏறக்குறைய அதே அளவுதான் மறைக்கப்படுகிறது. நெஞ்சும் வயிறும் மட்டும் பெரும்பாலும் திறந்தே இருக்கும். வாள் பிடிக்கும் கைக்குப் பஞ்சு திணித்த உறை, அதன் மேல் தோல் வார்கள். வலைவீரருக்கு மட்டும் இந்த உறை இடது கையில், ஏனென்றால் சூலத்தைப் பிடித்து எதிராளிக்கு முன்னே நீளும் பக்கம் அதுதான்.

இப்போது கீறல்களுக்குத் திரும்பினால், குச்சிக் கால்களின் மேல் குறுக்கே ஓடும் கோடுகள் வெறும் அலங்காரமாகத் தெரியாது. அந்தக் கோடுகள் முழங்காலோடு நிற்கின்றனவா, தொடைக்கு ஏறுகின்றனவா என்று பார்த்தாலே வரையப்பட்டவர் எந்த வகை என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். கையில் நெருக்கமான சாய்கோடுகள் இருந்தால் அது உறையின் வார். முகத்தின் இடத்தில் கட்டம் கட்டமாகவோ புள்ளிப் புள்ளியாகவோ இருந்தால் அது முகத்தட்டின் வலைக்கண். மூக்கு, வாய், விரல்கள் ஆகியவற்றைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் இந்த வலைக்கண்ணை விட்டுவிடுவதில்லை. ஜெர்மானியத் தொல்லியலாளர் மார்ட்டின் லாங்னர் 2001-ல் ரோம உலகின் கீறல் படங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தொகுத்தார். கப்பல், குதிரை, மான், முகம் என்று பலவும் உள்ள அந்தத் தொகுப்பில் கிளாடியேட்டர்களுக்குப் பெரிய இடம் உண்டு.

இடக்கையர்கள் கதை இதைவிடச் சுவையானது. அல்பானஸ் என்பவரின் பெயருக்குப் பக்கத்தில், 19 வெற்றி என்ற எண்ணோடு, ‘ஸ்கேவா’ என்பதன் சுருக்கம் கீறப்பட்டிருக்கிறது. ‘இடக்கையன்’ என்று பொருள். எதற்கு இதைக் குறிக்க வேண்டும்? இரு வலக்கையர்கள் மோதினால் ஒருவர் வாளுக்கு எதிரே மற்றவர் கேடயம் வந்து நிற்கும். இடக்கையர் வந்தால் வாளுக்கு எதிரே வாள். எதிராளி வாழ்நாள் முழுக்கப் பழகிய ஒவ்வொரு அசைவும் தவறான பக்கத்தில் போய் முடியும். கை உறை, கால் கவசம் எல்லாமே இடம் மாறும். சுவரில் கீறியவருக்கு இது தெரியும், அதைப் படிக்கப் போகிறவருக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். ஒரே ஒரு சுருக்கெழுத்தில் இவ்வளவு பேசிக்கொள்ளும் அளவுக்கு ஊரே இந்த விளையாட்டில் ஊறியிருந்தது.

கீறல்கள் காட்டும் கவசம் உண்மையா என்று சரிபார்க்கவும் வழி இருக்கிறது. உலகில் வேறெங்கும் இவ்வளவு வசதியாக அமையாது. 1766, 1767-ம் ஆண்டுகளில் பாம்பேயின் நாடக அரங்குக்குப் பின்னாலுள்ள பெரிய தூண் முற்றத்தைத் தோண்டியபோது, கிளாடியேட்டர்களின் படைக்கலங்கள் குவியலாகக் கிடைத்தன. பத்துக்கும் மேற்பட்ட வெண்கலத் தலைக்கவசங்கள், கால் கவசங்கள், தோள் தகடுகள். பெரும்பகுதி இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆக, சுவரில் கோடு. அதே ஊரில் அந்தக் கோட்டின் வெண்கலம்.

அந்தத் தலைக்கவசங்களில் ஒன்றைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். சராசரி எடை சுமார் 4 கிலோ. ரோமக் காலாட்படை வீரனின் தலைக்கவசத்தைப் போல ஏறக்குறைய இருமடங்கு. படைவீரன் நாள் முழுக்க நடக்க வேண்டும், கட்டளை காதில் விழ வேண்டும். அதனால் அவன் முகமும் காதும் திறந்திருக்கும். கிளாடியேட்டர் சில நிமிடங்கள் நின்றால் போதும், ஆனால் பல அடிகள் தலையைக் குறிவைத்து வரும். முன்பக்கம் இரண்டாகப் பிளந்து மூடும் முகத்தட்டு. கண்களுக்கு நேராகத் துளையிட்ட வட்டத் தகடு அல்லது வலைக்கண். உள்ளே வியர்வை, தன் மூச்சே திரும்ப முகத்தில் அடிக்கும் சூடு, பக்கவாட்டில் எதுவும் தெரியாத இருட்டு. ஜெர்மானிய ஆய்வாளர் மார்க்கஸ் யுங்கல்மான் இந்தப் படைக்கலங்களை அதே அளவில், அதே எடையில் செய்து, பயிற்சி பெற்ற ஆட்களுக்கு மாட்டிச் சண்டையிட வைத்துப் பார்த்தார். அவர் கணக்கில் மர்மில்லோவின் முழுச் சுமை 16 முதல் 18 கிலோ. வலைவீரருடையது ஏழெட்டு கிலோதான். பாதிக்கும் குறைவான சுமையோடு ஒருவர் ஓடி ஓடிக் களைக்க வைக்க, மற்றவர் மூச்சு தீருவதற்குள் நெருங்கி முடித்துவிட வேண்டும். சண்டை விறுவிறுப்பாக இருப்பதற்காகவே யாரோ யோசித்துப் பொருத்திய ஜோடிகள் இவை.

ஃபெலிக்ஸின் கழன்ற தலைக்கவசத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். அந்த இருட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து, தன் முகத்தைக் கூட்டத்துக்குக் காட்டி, அவர் உயிரைக் கேட்கிறார். கவசம் இருந்தவரை அவர் ஒரு வகை. கழன்ற பிறகுதான் ஒரு மனிதர். வரைந்தவர் அதைத் தரையில் வைத்தது எவ்வளவு சரி!

படம் சொன்னதை எலும்பு உறுதி செய்த சந்தர்ப்பமும் உண்டு. துருக்கியில், பழைய எபேசஸ் நகரத்தில் 1993-ல் கிளாடியேட்டர்களின் இடுகாடு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஆஸ்திரிய ஆய்வாளர்கள் கார்ல் குரோஸ்ஷ்மிட், ஃபேபியன் கான்ஸ் இருவரும் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளை ஆராய்ந்தார்கள். மண்டையோட்டில் முச்சூலத்தின் முனைகளுக்குப் பொருந்தும் துளைகள் இருந்தன. ஒரு தொடை எலும்பில், முழங்காலுக்கு மேலே, சதுரமாக நான்கு துளைகள். நான்கு முனை கொண்ட ஒரு விநோத ஆயுதம் அதுவரை கல்லறைச் சிற்பத்தில் மட்டுமே காணக் கிடைத்தது. சிற்பியின் கற்பனையோ என்று சந்தேகிக்க இடமிருந்தது. எலும்பு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. கண்டமேனிக்கு வெட்டிய தடயங்கள் அந்த எலும்புகளில் அதிகம் இல்லை என்பதையும் அவர்கள் கவனித்தார்கள். ஒருவரோடு ஒருவர், விதிகளுக்கு உட்பட்டுச் சண்டையிட்டார்கள் என்பதற்கு அது அடையாளம். சுவர்களில் இருக்கும் ‘எம்’ என்ற எழுத்தோடு இது ஒத்துப்போகிறது.

கீறியவர்கள் யார்? எல்லோரும் பார்வையாளர்கள் இல்லை. பாம்பேயில் கிளாடியேட்டர்கள் தங்கியிருந்த ஒரு வீட்டின் தூண்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கீறல்கள் இருந்தன. திரேக்ஸ் வகையைச் சேர்ந்த செலாடஸ் என்பவரைப் பார்த்து ஊர்ப் பெண்கள் பெருமூச்சு விடுகிறார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. மூன்று சண்டை, மூன்று மாலை. அவர்கள் வீட்டுச் சுவரிலேயே இருப்பதால், எழுதியது பெண்கள் இல்லை, செலாடஸோ அவர் கூட்டாளிகளோதான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் நினைக்கிறார்கள். நாளை களத்தில் என்ன ஆகும் என்று தெரியாத இளைஞர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்ட தைரியமாக எனக்கு அது படுகிறது.

சிலர் குழந்தைகள்.

2024-ம் ஆண்டு மே மாதம், பாம்பேயின் அபொண்டான்சா தெருவை ஒட்டிய ஒரு குடியிருப்புத் தொகுதியில் தோண்டியபோது, ஒரு வீட்டின் முற்றத்துச் சுவரில் கரிக்கோட்டுப் படங்கள் வெளிவந்தன. கிளாடியேட்டர்கள், ஈட்டியோடு காட்டுப்பன்றிகளை எதிர்கொள்ளும் வேட்டைக்காரர்கள், பந்து விளையாடுகிறவர்கள். தொல்லியல் பூங்காவின் இயக்குநர் காப்ரியேல் சுக்ட்ரீகல், நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தின் குழந்தை மனநல நிபுணர்களை அழைத்துக் காட்டினார். வரைந்தவர்களுக்கு ஆறேழு வயது இருக்கலாம் என்பது அவர்களுடைய மதிப்பீடு. வேறொரு ஓவியத்தைப் பார்த்து வரைந்தவை அல்ல, கண்ணால் நேரில் கண்டதை வரைந்தவை என்றும் சொன்னார்கள்.

இந்த வயதை எப்படிக் கணிப்பது? குழந்தைகளின் படங்கள் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே படிகளில் வளர்கின்றன. முதலில் வெறும் கிறுக்கல். பிறகு ஒரு வட்டத் தலை, அதிலிருந்தே நேராக இறங்கும் இரண்டு கால்கள்; நடுவில் உடல் கிடையாது. அதற்குப் பின்தான் வயிறு முளைக்கும், கழுத்து முளைக்கும். குழந்தை தன் கண்ணில் தெரிவதைவிடத் தனக்குத் தெரிந்ததைத்தான் வரைகிறது என்று பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ்-ஆன்ரி லூக்கே 1927-ல் எழுதினார். பெட்டிக்குள் இருப்பது வெளியே தெரியாவிட்டாலும் வரைந்துவிடும். காதரீன் ஹன்ட்லி என்ற தொல்லியலாளர் இந்த வளர்ச்சிப் படிகளையும், சுவரில் கீறல் இருக்கும் உயரத்தையும் சேர்த்துப் பார்த்து, இத்தாலியின் கம்பானியா பகுதியில் எந்தப் படங்கள் குழந்தைகளுடையவை என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். அதற்கு முன் ‘திறமையில்லாத பெரியவர்’ என்று தள்ளப்பட்ட கோடுகள் பல, ஒரு குழந்தையின் எட்டும் உயரத்தில் இருந்தன.

லூக்கே சொன்னதை இங்கே பொருத்தினால் மனம் கனக்கிறது. தனக்குத் தெரிந்ததைத்தான் குழந்தை வரையும் என்றால், ஆயுதத்தோடு எதிரெதிரே நிற்கும் ஆட்களும் பன்றியின் மேல் நீளும் ஈட்டியும் ஆறு வயதில் அந்தக் குழந்தைகளுக்கு அவ்வளவு தெரிந்திருந்தன. ஏறத்தாழ 20,000 பேர் உட்காரக்கூடிய அரங்கம் அந்த ஊரில் இருந்தது. ஊரின் மக்கள்தொகையைவிட அதிகம். குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போனவர்களால் மட்டும் அது நிறைந்திருக்காது. மேலே எங்கோ ஒரு படியில், அப்பாவின் மடியிலோ அக்காவின் பக்கத்திலோ உட்கார்ந்து, மணலில் நடந்த அத்தனையையும் இமைக்காமல் பார்த்த கண்கள் அவை.

அதே சுவரில், சண்டைக்காரர்களுக்கு அருகே, சின்னக் கைகளின் வடிவங்கள் இருக்கின்றன. சுவரில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, விரல்களைச் சுற்றிக் கரியால் கோடு இழுத்தவை.